மொட்டையா, தரிசனமா?

ஆடிக் கிருத்திகை அன்று காரில் திருத்தணிக்கு வருகிறவர்கள் முருகனைப் பார்ப்பதற்கு முன் தாயம்மாளைப் பார்த்தாக வேண்டும். அன்றைக்கு மலைப்பாதையில் தனியார் வண்டி எதையும் விடமாட்டார்கள். கீழேயே எங்காவது நிறுத்திவிட்டு, பஸ்ஸில் தொங்கியோ படியில் மூச்சிரைத்தோ மேலே போக வேண்டியதுதான். பொய்கைக்குப் போகும் வழியில் முள்வேலி போட்ட ஒரு காலி மனை இருக்கிறது. வாசலில் இரும்புச் சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில், புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு ஒரு பெண்பிள்ளை நிற்பாள். அவள்தான்.

வண்டி மூக்கை நீட்டியதுமே கேட்பாள்: "மொட்டையா, தரிசனமா?"

பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது. "அது உனக்கு எதுக்கும்மா?" என்று முறைக்கும் பெரிய மனிதர்கள் உண்டு. அவர்களுக்குச் சங்கிலி இறங்காது. ஆந்திரா நம்பர் என்றால் "குண்டா, தர்சனமா?" என்று தெலுங்குக்குத் தாவிவிடுவாள், மொட்டைக்கு அவர்கள் பாஷையில் குண்டு. இந்தக் கேள்வி இல்லாவிட்டால் அவள் தொழிலே இல்லை. மொட்டை போடுகிறவர்களுக்கு நேரமாகும். வரிசையில் உட்கார வேண்டும், குளிக்க வேண்டும், தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மறுபடியும் தரிசன வரிசையில் நிற்க வேண்டும். அவர்களுடைய வண்டி மனையின் பின் கோடிக்குப் போகும். சாமியைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களின் வண்டி வாசல் பக்கம் நிற்கும். நடுவில் வழி என்று ஒரு முழம்கூட விடமாட்டாள். முன்னால் நிற்பவன் முன்னால் போவான், அவன் போன வழியில் பின்னால் இருப்பவன் போவான். மற்ற மனைக்காரர்கள் வழி விட்டு நிறுத்தி ஏமாந்துகொண்டிருக்க, இவள் மட்டும் அதே அளவு நிலத்தில் ஊர்ப்பட்ட வண்டியை வாங்கி அடுக்கிவிடுவாள். எல்லாரும் உண்மை சொல்லும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் கிடையாது.

தாயம்மாள் அம்மையார்குப்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம். ஆனால் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் விசைத்தறி ஓடும். அங்கே கத்திப் பேசினால்தான் தட்டில் சோறு விழும். அந்தக் குரலோடு திருத்தணிக்குக் கல்யாணமாகி வந்தாள். புருஷன் ஆனந்தனுக்கு மலையடியில் வேர்க்கடலை போடுகிற நிலம். மனை விற்கிறவர்கள் வந்து அதை ஒவ்வொரு துண்டாகத் தின்றார்கள். மிஞ்சிய ஒரு துண்டில் ஒரு ஆடிக் கிருத்திகைக்கு யாரோ காரை நிறுத்திவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் அவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே கடலை முளைக்கவில்லை.

அப்போதெல்லாம் விசில் ஆனந்தன் கழுத்தில்தான் இருந்தது. தங்கமான மனுஷன். யார் எங்கே நிறுத்தினாலும் "பரவால்லங்க, நிறுத்துங்க" என்பான். பையன் சூர்யபிரகாஷ் நடை பழகியிருந்த வயதில், ஒரு கிருத்திகை அன்று, ஆனந்தன் ஒரு வேனுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு "வரலாம், வரலாம்" என்று கையாட்டினான். வேன் பின்னால் வந்தது. குழந்தை அந்தப் பக்கம் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தை கண் திறக்கவே இல்லை. வராந்தா ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. தாயம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தறிச் சத்தத்தையே அடக்கும் அந்தக் குரலில், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கேட்க வேண்டிக்கொண்டாள். "முருகா, எம் புள்ளைய குடுத்துடு. ஆடிக் கிருத்திகை அன்னிக்கு, உன் மலை மேல ஏறி வந்து, என் தலமுடிய எறக்குறேன்."

முருகன் குடுத்துவிட்டான்.

வேண்டிக்கொள்ளும்போது எவரும் காலண்டரைப் பார்த்து வேண்டிக்கொள்வதில்லை. ஆனால் இவளாவது கொஞ்சம் பார்த்திருக்கலாம். வருஷத்தில் இருக்கும் அத்தனை நாளையும் விட்டுவிட்டு, எந்த ஒரு நாளில் அவளால் அந்த மனையை விட்டு நகர முடியாதோ அந்த நாளைப் போய்ச் சொல்லித் தொலைத்துவிட்டாள். மலைக்குக் கீழே பொய்கைக்கரையிலும் மொட்டை போடுகிறார்கள். அதையும் விட்டுவிட்டு "மலை மேல" என்று வேறு சொல்லிவைத்தாள். தானே பூட்டைப் போட்டுச் சாவியைக் கிணற்றில் வீசியதுதான்.

வேன் விபத்துக்குப் பிறகு ஆனந்தன் விசிலைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். வண்டி பின்னால் வருவதைப் பார்த்தாலே வீட்டுக்குள் போய்விடுவான். விசில் தாயம்மாள் கழுத்துக்கு வந்தது. வந்ததும் சும்மா வரவில்லை, வாசலையும் சேர்த்து அவள் தலையில் கட்டிவிட்டது. ஒரு வருஷம் துணிந்து, "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கய்யா" என்று புருஷனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். அவள் பஸ் ஏறுவதற்குள் இரண்டு வண்டிக்காரர்கள் ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். போலீஸ் வந்தது. அவளும் திரும்பி வந்தாள்.

ஆனந்தன் மஞ்சள் காமாலையில் போன பிறகு, வாசலையொட்டி டீக்கடை வைத்திருக்கும் கவுசரிடம் விசிலைக் கொடுத்துப் பார்த்தாள். கவுசர் தாராள மனசுக்காரி. பெங்களூரிலிருந்து வந்த பெரிய பஸ்ஸைப் பார்த்து, "பாவம், தூரத்துல இருந்து வந்துகினு இருக்காங்க" என்று உள்ளே விட்டுவிட்டாள். அது உள்ளே போனது சுலபம். வெளியே எடுக்க மறுநாள் காலை வேலியைப் பிரிக்க வேண்டியிருந்தது. அன்றும் தாயம்மாள் பாதி வழியில் திரும்பி ஓடிவந்ததுதான் மிச்சம்.

"வேற ஒரு நாள் போய்ட்டு வந்துடுங்களேன்க்கா. உங்க சாமி தேதி பாத்துகினா உக்காந்துகினு இருக்கும்?" என்று கவுசர் கேட்பாள்.

"சாமி பாக்காது. நான் பாத்துகினுதானே இருக்கேன்" என்பாள் தாயம்மாள்.

வாய்தான் அப்படிப் பேசும். உள்ளே பயம் அரித்துக்கொண்டே இருந்தது. பையனுக்குச் சளி பிடித்தாலும் அவள் மலையைத்தான் பார்ப்பாள். அவன் பைக் ஓட்டக் கற்றுக்கொண்ட மாதம் முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. கொடுத்தவன் கேட்காமல் இருக்கிறான் என்றால் மறந்துவிட்டான் என்று அர்த்தமா? இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் நரைத்து, மெலிந்து, கொண்டையாகச் சுருண்டது. ஒவ்வொரு தடவை சீவும்போதும் சீப்பில் வருகிற முடியைப் பார்த்து, கொடுக்க வேண்டியது குறைந்துகொண்டே போகிறதே என்று மனசு நொந்துபோவாள். மலையடியில் குடியிருந்துகொண்டு, ஊரெல்லாம் வேண்டுதலைத் தீர்த்துக்கொள்ள வண்டி நிறுத்த இடம் கொடுத்துக்கொண்டு, தன் வேண்டுதலை மட்டும் தீர்க்க முடியாமல் ஒருத்தி நிற்பது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வருஷம் தள்ளிப்போட வழியில்லை. சூர்யபிரகாஷுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்திருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் விடியற்காலை விமானம். ராத்திரியே டாக்ஸி வந்துவிடும். போனால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. விமானம் என்றதுமே தாயம்மாள் மலையைத்தான் பார்த்தாள். தரையில் ரிவர்ஸ் எடுத்த வேனே அந்தப் பாடு படுத்தியது. இது ஆகாயத்தில் போகிற வண்டி. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பிள்ளையை அதில் ஏற்றி அனுப்ப அவளால் முடியாது. டாக்ஸி வருவதற்குள் மலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

திட்டமும் போட்டாள். காலையிலிருந்து வண்டிகளை அடுக்கினால் உச்சிப் பொழுதுக்குள் மனை நிரம்பிவிடும். நிரம்பியதும் சங்கிலியை மாட்டிவிட்டால், முன் வரிசைக்காரர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும் வரைக்கும் வாசலில் ஒரு வேலையும் இல்லை. அந்த இடைவெளியில் ஓடிப்போய் வந்துவிடலாம். டீக்கடைப் பக்கம் கவுசர் ஒரு கண் வைத்துக்கொள்வாள். அவள் புருஷன் அப்துல் ஷுக்கூர் மெக்கானிக், வண்டி தள்ள வேண்டியிருந்தால் அவர் இருக்கிறார். நினைத்துப் பார்க்கும்போது பிசிறு இல்லாமல்தான் இருந்தது.

காலையில் எல்லாம் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது. "மொட்டையா? பின்னால போ. தரிசனமா? இப்டி ஒடிச்சு வா. வா, வா, போதும். நியூட்ரல்ல வுட்டுட்டு போங்க. ஹேண்ட் பிரேக் போடாதீங்க, தேவைப்பட்டா தள்ளிக்கலாம்." காவடிகள் தெருவை நிறைத்துக்கொண்டு போயின. அரோகரா சத்தத்துக்கு மேலே அவள் விசில் கேட்டது. கடைசி இடம் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. ஆந்திரா நம்பர். நகரியிலிருந்து வந்த குடும்பம். ஓட்டியவனுக்குக் காடு மாதிரி சுருட்டை முடி, மார்பைத் தொடுகிற தாடி.

"குண்டா, தர்சனமா?"

"தர்சனமே அம்மா" என்றான் அவன் சிரித்துக்கொண்டே.

தாயம்மாள் சங்கிலியை மாட்டினாள். அட்டையில் எழுதி வைத்திருந்த 'இடம் இல்லை'யை அதில் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மஞ்சள் புடவை கட்டி, ஈரக் கொண்டையைப் பிரித்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கவுசர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாஷா அல்லா, இன்னிக்கு எங்கக்கா போயே தீருவாங்க" என்றாள்.

சங்கிலியைத் தாண்டித் தெருவில் காலை வைத்தாள். பத்தடி கூடப் போயிருக்கமாட்டாள், பின்னால் ஒரு குரல் கூப்பிட்டது. "இந்தாம்மா, வண்டி எடுக்கணும்."

முன் வரிசைக்காரர். சென்னையிலிருந்து மனைவியோடு வந்த பெரியவர். மேலே கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய், கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிட்டாராம். அவருக்குப் பின்னாலேயே கைக்குழந்தையோடு இன்னொரு குடும்பம், அவர்களும் அதே கதை. அவர்கள் வெளியே போக வேண்டுமென்றால் வாசல் எதிரே நிற்கும் வெள்ளை வண்டி நகர வேண்டும். தாயம்மாள் சட்டையையும் விசிலையும் மறுபடி மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஷுக்கூரைக் கூப்பிட்டாள். அவர் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு தோள் கொடுத்துத் தள்ளினார். வண்டி அசைந்தால்தானே. சிரித்துக்கொண்டே போன அந்த மகராஜன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கியரையும் போட்டுவிட்டு, பூட்டிக்கொண்டு போயிருந்தான்.

"கதவத் தெறக்க முடியாதா பாய்?"

"தெறக்கலாம். போன வருஷம் அப்டித் தெறந்ததுக்குத்தான் திருடன்னு சொல்லிட்டு போனான் ஒருத்தன். சொந்தக்காரன் இல்லாம நான் கை வைக்கமாட்டேம்மா" என்றார் ஷுக்கூர். அவர் சொன்னதில் தப்பில்லை.

"தர்சனம்னுதானே சொன்னான், இப்ப வந்துடுவான்" என்று தாயம்மாள் எல்லாரையும் சமாதானப்படுத்தினாள். தெருவில் ஒரு கண்ணும் மனையில் ஒரு கண்ணுமாக நின்றாள். வெயில் சாய்ந்தது. தரிசனம் முடித்த முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து தங்கள் வண்டிக்குள் உட்கார்ந்து ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள். வெள்ளை வண்டிக்காரன் மட்டும் வரவில்லை. அவளுடைய ஏற்பாட்டில் எல்லாரும் உண்மை சொல்ல வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? ஒருவன் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. மொத்த மனையும் மூடி போட்ட குண்டான் மாதிரி உள்ளுக்குள்ளேயே கொதித்தது.

வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சூர்யபிரகாஷ் சத்தம் கேட்டு வந்தான். அவன் தலைமுடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெற்றியில் புரள விட்டு, பக்கங்களில் ஒட்ட வெட்டி, தினமும் எதையோ தடவி நிமிர்த்தி, கண்ணாடி முன்னால் அவன் செலவழித்த நேரத்தைப் படிப்பில் காட்டியிருந்தால் கலெக்டராகியிருப்பான் என்பது தாயம்மாளின் அபிப்பிராயம்.

"நைனா, நீ மேல போய் அந்த ஆளப் புடிச்சுகினு வாடா. சுருட்ட முடி, இவ்ளோ தாடி. நகரிக்காரன். வண்டி நம்பரச் சொல்லி மைக்குல கூப்டச் சொல்லு. அவன் வந்தாத்தான் நான் போக முடியும்."

"நீ கவலப்படாத ம்மா, நான் பாத்துக்கறேன்" என்று படி வழியாக ஓடினான்.

ஓடினவன் ஓடினவன்தான்.

நேரம் போகப் போகத் தாயம்மாளுக்குப் பைத்தியம் பிடிப்பது போல் இருந்தது. மகனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். அரோகரா சத்தம்தான் கேட்டது. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் தாடியைத் தேடினாள். இறங்கியதெல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். காலையில் நீ யார், நான் யார் என்று வகை பிரித்து உள்ளே அனுப்பிய முகங்கள் எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரித் திரும்பி வந்துகொண்டிருந்தன. பின் வரிசைக்காரர்களுக்கும் வெளியே போக வேண்டும். இப்போது மனையில் வண்டியை விட மனிதர்கள் அதிகம்.

சென்னைப் பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "எங்களையெல்லாம் உள்ள வச்சு அடைச்சிட்டு, நீ பாட்டுக்கு ரோட்டப் பாத்துகினு நிக்கிறியே, மனசாட்சி இருக்காம்மா உனக்கு?"

தாயம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு ஒரு நாளுங்க. அந்த ஆளு வந்தா நீங்க போய்டுவீங்க. நான் என் புள்ள நட பழகின நாள்லேர்ந்து இங்கியே அடைபட்டுகினு இருக்கேன். நான் யாரக் கேக்கறது?" என்று கத்திவிட்டாள்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பயந்து காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கவுசர் ஒரு டீயைக் கொண்டுவந்து தாயம்மாள் கையில் வைத்தாள். அது ஆறி ஏடு கட்டியது. நனைத்துப் பிரித்துவிட்ட கூந்தல் எப்போதோ காய்ந்து, புழுதி படிந்து, முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதை அள்ளி மறுபடி கொண்டை போட்டாள். இந்த வருஷமும் இல்லை என்பது அந்தக் கை தூக்கிய நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

பொழுது இறங்கும் நேரத்தில் ஒரு பஸ் வந்து கும்பலைக் கொட்டியது. அதில் இரண்டு மொட்டைகள் நேராகச் சங்கிலிக்கு வந்தன. ஒருவன் வாசலை மறித்தாற்போல் அவள் எதிரிலேயே நின்றான்.

தாயம்மாள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே, "எந்த வண்டிங்க உங்களுது? பின் வரிசையா? போய் உக்காருங்க, இன்னும் வழி வரல. ஓரமா நில்லுப்பா, மறைக்காத, எம் புள்ள வரான்" என்றாள்.

அவன் நகரவில்லை. "எம்மா" என்றான்.

அவள் பார்த்தாள். சந்தனம் வழிந்த தலை. அதற்குக் கீழே சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் ஒரு முகம். இடது காதுக்கு மேலே, இத்தனை வருஷம் முடிக்குள் மறைந்திருந்த, வேன் போட்ட தழும்பு. முகம் தெரிவதற்கு முன்னால் அந்தத் தழும்புதான் அவளுக்குத் தெரிந்தது.

"டேய்..." என்றாள்.

பக்கத்தில் நின்ற மொட்டைதான் வெள்ளை வண்டிக்காரன். கைகூப்பிக்கொண்டு, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் மன்னிப்புக் கேட்டான். வரும்போது தரிசனம்தானாம். மேலே போனதும் அவன் மனைவிக்கு எப்போதோ வேண்டிக்கொண்டது ஞாபகம் வந்து, இழுத்துக்கொண்டு போய் வரிசையில் உட்கார வைத்துவிட்டாளாம். சூர்யபிரகாஷ் மைக்கில் கூப்பிடச் சொல்லித்தான் அவனைக் கண்டுபிடித்திருக்கிறான். அதற்குள் பாதித் தலை மழித்தாகிவிட்டது. பாதித் தலையோடு ஒருவனை எப்படி இழுத்துக்கொண்டு வருவது? உட்கார்ந்து காத்திருந்திருக்கிறான்.

"உக்காந்துகினே இருந்தேன். மணிய பாத்தேன். நீ இன்னிக்கும் வரமாட்டேன்னு தெரிஞ்சுபோச்சு ம்மா" என்றான் சூர்யபிரகாஷ். "அதான் நானே எறக்கிட்டேன். உன் வேண்டுதல் தீந்துச்சு."

"சாமிகிட்ட சொன்னது என் முடிய. உன்னுத எவன்டா கேட்டான்?"

"இது மட்டும் யாருது? நீ கேட்டு வாங்கின உசுருல மொளச்சதுதானே?"

கவுசர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷுக்கூர் அவன் மொட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாஸ்போர்ட்டுல முடியோட இருக்கியே, ஏர்போர்ட்டுல வுடுவானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். "தீந்துச்சுக்கா. இனிமே நீங்க நிம்மதியா இங்கியே இருக்கலாம்" என்றாள் கவுசர்.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை தாயம்மாளின் நெஞ்சில் போய்ச் சுருக்கென்று குத்தியது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். பிள்ளை தலையில் இனி பாரம் இல்லை, நிம்மதியாக விமானம் ஏற்றலாம். இருந்தும் அவளுக்கு யாரோ தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போலத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அந்த வேண்டுதல் அவளைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள். யோசித்துப் பார்த்தால், கிருத்திகை அன்று சங்கிலியைத் தாண்டிக் காலை வைக்க அவளுக்கு இருந்த ஒரே காரணம் அதுதான். அதையும் பிள்ளை தீர்த்து வைத்துவிட்டான். நாளைக்கு அவனும் போய்விடுவான். அதற்குப் பிறகு அவளுக்கும் மலைக்கும் என்ன இருக்கிறது? இந்த வாசலும் விசிலும்தான், சாகிற வரைக்கும்.

வெள்ளை வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அது வெளியேறியதுதான் தாமதம், உள்ளே இருந்த அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வாசலுக்குத் திரும்பியது. "அம்மா, விசில் குடும்மா! யாரு மொதல்ல?" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

தாயம்மாள் விசிலை எடுத்தாள். வாயில் வைக்கவில்லை. கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி மகன் கழுத்தில் மாட்டினாள்.

"என் வேண்டுதல நீ பாத்தியில்ல? என் வேலையையும் பாரு."

"எம்மா! எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. டாக்ஸி வேற வந்துடும்."

"வரட்டும். தரிசனம்னு சொல்லி முன்னால போட்டு வை. நான் வராம நீ கெளம்பினே, அப்பறம் பாரு."

"எங்க போற? அதான் எறக்கியாச்சே!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி கவுசரின் டீக்கடைப் பலகையில் போட்டாள். காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த மலை பஸ் ஒன்று நின்றது, ஏறி உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ திட்டினார்கள். தாறுமாறாக ஒரு விசில் ஊதியது. எழுந்து இறங்கிவிடலாமா என்று கால் துடித்தது. முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பஸ் வளைவில் திரும்பியதும் அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

மேலே, கூட்டத்தைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்த ஒரு தொண்டர் அவளைக் கைநீட்டி நிறுத்தினார். "மொட்டையாம்மா, தரிசனமா?"

தாயம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வாழ்நாளெல்லாம் ஊரைக் கேட்ட கேள்வி. அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தரிசனம் என்று சொன்னாலும் யாரும் தப்பு சொல்ல முடியாது. கொடுக்க வேண்டியதைப் பிள்ளை கொடுத்தாகிவிட்டது.

"சொல்லும்மா, பின்னால ஆளு நிக்குது."

"மொட்டதாங்க" என்றாள்.

மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது ஓரத்து இடம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஊர் கீழே கிடந்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில், கிருத்திகைக் கூட்டத்தோடு தன் மனையை அவள் மேலிருந்து பார்த்ததே இல்லை. உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அந்த உள்ளங்கைக்குள் வண்டி விளக்குகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் மெல்ல மேலே வந்தது. தாயம்மாளின் கை தானாக மார்புக்குப் போய் விசிலைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை.

"யாருக்கும்மா வேண்டுதல்?" என்று கேட்டுக்கொண்டே முடி இறக்குபவர் அவள் கொண்டையைப் பிரித்து, தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

"எனக்குத்தாங்க. சீக்கிரம் முடிங்க, புள்ள ஊருக்குப் போறான்" என்று சொல்லிவிட்டுத் தாயம்மாள் தலையைக் குனிந்து கொடுத்தாள்.